ஸ்பைடர்மேனுக்கு இடம் உண்டென்றால் முருகனுக்கும் உண்டு

கேள்வி: நாங்கள் டெக்சஸில் இருக்கிறோம். மகன் பப்ளிக் ஸ்கூலில், அதாவது அரசுப் பள்ளியில், மூன்றாம் வகுப்பு படிக்கிறான். 'என் ஹீரோ' என்று ஒரு போஸ்டர் செய்துவரச் சொன்னார்கள். வேலும் மயிலுமாக முருகனை வரைந்து, 'பயம் வந்தால் முருகா என்று சொல்வேன்' என்று எழுதிக் கொண்டுபோனான். 'பள்ளியில் மதம் வேண்டாம், வேறு ஒருவரை வரைந்து வா' என்று மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதி டீச்சர் திருப்பி அனுப்பிவிட்டார். போன மாதம் கிருத்திகை அன்று திருநீறு பூசிப் போனபோதும் துடைக்கச் சொன்னாராம். சாமி பேச்சே எடுக்கக் கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறதா? போய்க் கேட்டால் அந்தக் கோபத்தைப் பிள்ளை மேல் காட்டுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: அப்படி ஒரு சட்டம் கிடையாது. முதலில் இதை மகனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக ஓர் எட்டு வயதுப் பிள்ளை நினைத்துக்கொண்டிருப்பதுதான் இதில் எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம்.

நான் இந்த நாட்டுப் பப்ளிக் ஸ்கூல்களில் 14 வருடம் பாடம் நடத்தியவள். உங்கள் டீச்சருக்கு வந்த குழப்பம் என்னோடு வேலை பார்த்த நல்ல ஆசிரியர்கள் பலருக்கும் இருந்தது. அதன் வேர் 1962-இல் இருக்கிறது. நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் 22 சொற்களில் ஒரு பிரார்த்தனையை எழுதிக் கொடுத்தது. அதை ஒரு பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) தினமும் காலையில் வகுப்பில் சொல்ல வைத்தது. பெற்றோர் சிலர் வழக்குப் போட, அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது கூடாது என்றது. அடுத்த வருடமே, பள்ளி ஏற்பாடு செய்யும் பைபிள் வாசிப்பும் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அன்றிலிருந்து 'கடவுளைப் பள்ளியை விட்டு வெளியேற்றிவிட்டார்கள்' என்ற பேச்சு ஊரெல்லாம் பரவி நிலைத்துவிட்டது.

நீதிமன்றம் நிறுத்தியது பள்ளியைத்தான், பிள்ளையை அல்ல. பள்ளி பேசினால் அது அரசாங்கம் பேசுவது. எந்த மதத்தையும் தூக்கிப் பிடிக்க அதற்கு அனுமதி இல்லை. பிள்ளை பேசினால் அது பிள்ளையின் சொந்தப் பேச்சு. அதைத் தடுக்கத்தான் பள்ளிக்குத் தக்க காரணம் வேண்டும். 1969-இல் டிங்கர் வழக்கில் இது இன்னும் தெளிவானது. வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை கட்டிவந்த மாணவர்களை அயோவா மாநிலத்துப் பள்ளிகள் வீட்டுக்கு அனுப்பின. பள்ளி வாசலைத் தாண்டியதும் மாணவரின் பேச்சுரிமை போய்விடுவதில்லை, பாடம் நடப்பதைக் கெடுத்தாலோ அடுத்தவர் உரிமையில் கைவைத்தாலோதான் பள்ளி தலையிடலாம் என்றது உச்ச நீதிமன்றம்.

இனி உங்கள் போஸ்டர். வீட்டுப்பாடத்திலும் ஓவியத்திலும் மாணவர்கள் தங்கள் நம்பிக்கையை வெளிப்படுத்தலாம், மதம் வந்துவிட்டது என்பதற்காக மதிப்பெண்ணைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று மத்தியக் கல்வித் துறை 1995-இலேயே பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் அனுப்பியது. பிறகு வந்த அரசுகள் அந்த வழிகாட்டுதலைத் திருத்தி எழுதியபோதும் இந்தப் பகுதியை விடவில்லை. டெக்சஸில் 2007-இல் இதே விஷயத்தை மாநிலச் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். அதனால் 'மதம் வேண்டாம்' என்பது மட்டுமே காரணமாக இருந்தால் டீச்சர் செய்தது தவறு.

ஆனால் அவரிடம் போவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வீட்டுப்பாடத்தோடு வந்த குறிப்புத்தாளைத் தேடி எடுங்கள். புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும், இல்லாவிட்டால் வகுப்பின் இணையப் பக்கத்தில் இருக்கும். 'வரலாற்றில் வாழ்ந்த ஒருவரைத் தேர்ந்தெடு, நூலகப் புத்தகம் இரண்டு படித்து எழுது' என்று அதில் இருந்தால் டீச்சர் பக்கம் நியாயம் இருக்கிறது. அங்கே முருகனும் பொருந்தமாட்டார், ஸ்பைடர்மேனும் பொருந்தமாட்டான். 'உனக்குத் தைரியம் தரும் ஹீரோ யார்?' என்று மட்டும் இருந்து, பக்கத்து மேசைப் பையனின் ஸ்பைடர்மேன் சுவரில் தொங்குகிறது, முருகன் மட்டும் திரும்பி வந்தார் என்றால், அதைத்தான் சட்டம் பாகுபாடு என்கிறது.

இந்த வித்தியாசம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு டென்னசியில் நடந்த வழக்கு ஒன்று உண்டு. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆராய்ச்சிக் கட்டுரைக்கு முதலில் வேறு தலைப்புக்கு ஒப்புதல் வாங்கியிருந்தாள். பிறகு அனுமதி கேட்காமலே இயேசுவின் வாழ்க்கை என்று மாற்றினாள். ஆசிரியை வேண்டாம் என்று சொல்லியும் அதையே எழுதிக் கொடுத்தாள். கிடைத்தது பூஜ்யம். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 1995-இல் ஆசிரியை பக்கம் தீர்ப்பானது. தெரியாத ஒரு பொருளைத் தேடிப் படித்து எழுதப் பழக்குவதுதான் அந்தப் பாடத்தின் நோக்கம், அதை முடிவு செய்வது ஆசிரியரின் வேலை என்றார்கள். பிள்ளையின் உரிமை பெரியதுதான். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதும் கடமையை அது எடுத்துவிடாது.

திருநீறு விஷயத்தில் இத்தனை யோசிக்க வேண்டியதில்லை. துடைக்கச் சொன்னது தவறு. கத்தோலிக்கர்களின் சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் சிலுவையோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். 2019-இல் யூட்டா மாநிலத்தின் பவுண்டிஃபுல் ஊரில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவனை அந்தச் சாம்பலைத் துடைக்க வைத்தார் ஓர் ஆசிரியை. பள்ளி மாவட்டமே அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டது. சாம்பலுக்குச் சாம்பல், இதைவிட நெருக்கமான உதாரணம் உங்களுக்குக் கிடைக்காது. டீச்சரிடம் இதையே சொல்லுங்கள், சட்டென்று புரியும்.

டெக்சஸில் உங்களுக்கு இன்னும் ஒரு பலம் உண்டு. நீட்வில் என்ற ஊரில் ஐந்து வயது அமெரிக்கப் பழங்குடிப் பையன் ஒருவன், தன் மத வழக்கப்படி முடியை நீளமாக வளர்த்திருந்தான். பையன்கள் முடி வளர்க்கக் கூடாது என்ற விதியைக் காட்டி, முடியைச் சுருட்டி உச்சியில் கட்டு, இல்லை பின்னிச் சட்டைக்குள் போட்டுக்கொள் என்றது பள்ளி மாவட்டம். மாநிலத்தின் மதச் சுதந்திரச் சட்டத்தின்படி அது செல்லாது என்று 2010-இல் தீர்ப்பு வந்தது. ருத்ராட்சமோ கறுப்புக் கயிறோ பேச்சுக்கு வந்தால் இந்த வழக்கு நினைவில் இருக்கட்டும்.

இதில் பிள்ளைக்கும் எல்லை உண்டு. 'நெற்றியில் என்ன?' என்று கேட்டால் தாராளமாகச் சொல்லலாம். மற்றப் பிள்ளைகளை விடாமல் துரத்தித் துரத்தித் தன் சாமியைக் கும்பிடச் சொல்லக் கூடாது. நாளைக்கு வேறொரு பிள்ளை இயேசுவையோ, குரு நானக்கையோ வரைந்து வந்தால் அந்தப் போஸ்டருக்கும் இதே இடம் உண்டு. அதையும் மகனிடம் சொல்லிவையுங்கள். அப்புறம், 'இந்து மதம் பற்றி வகுப்புக்கு நீ சொல்லேன்' என்று டீச்சர் ஆசையாகக் கேட்டாலும், அவனுக்கு இஷ்டம் இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லலாம். ஒரு மதத்துக்கே பதில் சொல்லும் பாரத்தை மூன்றாம் வகுப்புப் பிள்ளை தலையில் வைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

சரி, எப்படிக் கேட்பது? பிள்ளையை விட்டுவிட்டு வரும் வாசலில் நின்று பேச வேண்டாம். டீச்சருக்கு நாலு வரி மின்னஞ்சல் போதும். 'என் மகன் முருகனை வரைந்தான், திரும்பி வந்தது. குறிப்புத்தாளில் உண்மையாக வாழ்ந்தவராக இருக்க வேண்டும் என்று இல்லை. கற்பனை ஹீரோக்களை ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். இதையும் அதே அளவுகோலில் பார்க்க முடியுமா? திருநீறு எங்கள் வழிபாட்டின் பகுதி, அதை அவன் துடைக்காமல் இருக்க அனுமதியுங்கள்.' இவ்வளவுதான். முதல் மடலிலேயே வழக்கு, வக்கீல் என்ற சொற்கள் வேண்டாம். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் அதே மடலைப் பிரின்சிபலுக்கு அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் உங்கள் பள்ளி மாவட்டத்தில் எழுத்துமூலப் புகார் நடைமுறை இருக்கும். அதற்குக் காலக்கெடு உண்டு, மாவட்ட இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை மேல் கோபத்தைக் காட்டுவார்களோ என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. நான் பார்த்தவரையில் இப்படித் திருப்பி அனுப்பும் ஆசிரியர்கள் பெரும்பாலும் வெறுப்பால் அப்படிச் செய்வதில்லை. வேறொரு பெற்றோர் புகார் கொடுப்பாரோ என்ற பயம்தான். மரியாதையான ஒரு மடல் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடும்.

கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன். டெக்சஸ் சட்டப்படி மதப் பண்டிகை நாளில் வழிபாட்டுக்காக விடுப்பு எடுத்தால் அதை அனுமதித்த விடுப்பாகவே கணக்கு வைக்க வேண்டும், விட்ட பாடத்தை முடிக்கவும் அவகாசம் தர வேண்டும். தைப்பூசத்துக்குக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுக்காதீர்கள், தைப்பூசம் என்றே எழுதுங்கள்.

அந்தப் போஸ்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மஞ்சள் ஒட்டுத்தாளைப் பிய்க்காமல், இரண்டும் சேர்ந்து தெரிகிற மாதிரி தேதியோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். அதன் பிறகு தாளை எடுத்துவிட்டு, மகன் கண்ணில் படுகிற இடத்தில் முருகனை மாட்டுங்கள்.