பனியில் நிற்கும் மானுக்குச் சோளம் போடலாமா?

கேள்வி: அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், மலையடிவாரத்தில் எங்கள் வீடு. பனி கடுமையாக இருக்கிறது. விலா எலும்பு தெரிய நான்கைந்து மான்கள் தினமும் கொல்லைப்பக்கம் வந்து நிற்கின்றன. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, “வாயில்லா ஜீவன், சோளமோ மீந்த சோறோ வைத்தால் என்ன?” என்கிறார். வைக்கலாமா ஐயா? – ஒரு வாசகி

பதில்: வைக்காதீர்கள் அம்மா. கொலராடோவில் மானுக்கும், எல்க் என்னும் பெரிய மான் இனத்துக்கும் தீனி போடுவது 1992 முதல் குற்றம். சட்டத்தைச் சொன்னால் உங்கள் அம்மா சமாதானமாக மாட்டார், காரணத்தைச் சொல்லுங்கள்.

பொங்கலன்று சோற்றை அளவு மீறித் தின்ற மாடு வயிறு உப்பிப் படுத்துவிடுவதை அவர் பார்த்திருப்பார். மானுக்கு வருவதும் அதே கோளாறுதான். அசைபோடும் அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள், குளிர்காலத்தில் சேஜ்பிரஷ் போன்ற புதர்களின் குச்சிகளைச் செரிக்கப் பழகியிருக்கும். அங்கே திடீரென்று சோளமும் சோறும் போய் விழுந்தால் அமிலம் பெருகி, ஓரிரு நாளில் உயிரே போய்விடும். புதுத் தீனிக்குப் பழக அவற்றுக்குச் சில வாரங்கள் வேண்டும். உலர்புல்லும் உதவாது. புல் மேயும் எல்க் அதைச் சமாளிக்கும். உங்கள் கொல்லைக்கு வருவது பெரும்பாலும் மியூல் மானாகத்தான் இருக்கும். அது வயிறு நிறைய உலர்புல்லோடு பட்டினியில் சாகும். இது இத்துறையில் பழைய கதை.

பிறகு எப்படித்தான் அவை பிழைக்கின்றன? கோடையிலும் இலையுதிர்காலத்திலும் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான். நல்ல நிலையில் உள்ள மான்கூடக் குளிர்காலத்தில் எடையில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். ஆகவே அது குறைவாகத் தின்று, குறைவாக நடந்து, வெயில் படும் தெற்குச் சரிவுகளில் படுத்துக் காலம் தள்ளும். பனி ஒன்றரை அடியைத் தாண்டினால் அதற்கு ஒவ்வோர் அடியும் செலவு. மேலே உருகி உறைந்து ஓடு கட்டிவிட்டால் இன்னும் மோசம். உயரமான எல்க், குளம்பால் பனியைத் தோண்டிப் புல்லை எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரே குளிர்காலம் மான்களை வாரிக்கொண்டு போய், வளர்ந்த எல்க்குகளைப் பெரும்பாலும் விட்டுவைக்கும்.

முதலில் சாவது குட்டிகள். ஜூனில் பிறந்த குட்டி தின்றதெல்லாம் வளர்ச்சிக்கே போய்விடும், கொழுப்பு சேராது. இணைசேரும் பருவத்தில் ஓடியோடிக் களைத்த ஆண்களும் கிழடுகளும் அடுத்து. சாவு மிகுவது ஜனவரியில் அல்ல, கையிருப்பு தீரும் மார்ச், ஏப்ரலில். இறந்த மானின் தொடை எலும்பை உடைத்தால் தெரிந்துவிடும்: மஜ்ஜை வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் வேறு காரணம், சிவந்து கொழகொழவென்று இருந்தால் பட்டினி. 2022-23 குளிர்காலத்தில் வயோமிங் மாநிலத்தின் மேற்கே, ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை பொருத்திக் கண்காணித்த மியூல் மான் கூட்டத்தில், பட்டையிட்ட குட்டி ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

இன்னொன்று. தீனி வைத்த இடத்தில் மான்கள் முண்டியடிக்கும். எச்சில் வழியே நோய் பரவும். 1967இல் உங்கள் கொலராடோவில்தான் முதலில் கண்ட, மான்களைக் கொல்லும் மெலிவு நோய்க்கு இன்றுவரை மருந்தில்லை.

உங்களால் ஆவது, அவற்றை ஓடவிடாமல் இருப்பது. நாயைக் கட்டிவையுங்கள், படமெடுக்க நெருங்காதீர்கள், சன்னலே போதும். தோட்டத்தில் ஜப்பானிய யூ செடி இருக்கிறதா என்று பாருங்கள். பச்சைப்பசேலென்று நிற்கும் கொடிய நஞ்சு அது. 2017 ஜனவரியில் ஐடஹோவின் பேயட் நகரில் அதைத் தின்று புராங்ஹார்ன் என்னும் மான் போன்ற விலங்குகள் ஐம்பது ஒரே இடத்தில் செத்தன. இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள். அதுவரை சாக்கு சுற்றி வையுங்கள்.

பிள்ளைகள் உதிர்ந்த கொம்பு பொறுக்கக் காட்டுக்குப் போக ஆசைப்பட்டால் மே மாதம் வரை பொறுக்கச் சொல்லுங்கள். கொலராடோவின் மேற்குப் பகுதிப் பொதுநிலங்களில் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை அதற்குத் தடை இருக்கிறது.