தாத்தா பெயரில் நிற்கும் புல்லட்: பேரன் பெயருக்கு ஆர்.சி. மாற்றுவது எப்படி?

கேள்வி: எங்கள் தாத்தா 1986-ல் வாங்கிய புல்லட் 350, கும்பகோணம் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. தாத்தா 2011-ல் காலமானார். பாட்டி அவருக்கு முன்பே போய்விட்டார். அப்பா 2022-ல் இறந்தார். இரண்டு அத்தைகளும் ஒரு சித்தப்பாவும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அம்மா, நான், தங்கை. ஆர்.சி. புத்தகத்தில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. எஃப்.சி. 2011-லேயே முடிந்துவிட்டது. வண்டியைச் சரிசெய்து ஓட்ட வேண்டும் என்பது என் ஆசை. "தாத்தா கையெழுத்தை நீங்களே போட்டுக் கொடுங்கள், 29, 30 படிவம் வைத்து ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன்" என்கிறார் ஒரு புரோக்கர். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். 29, 30 இரண்டும் உயிரோடு இருக்கும் ஒருவர் இன்னொருவருக்கு வண்டியைக் கைமாற்றும்போது தரும் படிவங்கள். இறந்தவர் கையெழுத்தை அதில் போடுவது போலி ஆவணம் தயாரிக்கும் குற்றம். மாட்டினால் புரோக்கர் இருக்க மாட்டார். படிவத்தில் வாங்குபவர் என்று இருப்பது உங்கள் பெயர். அதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. உங்கள் அத்தைகளுக்கும் சித்தப்பாவுக்கும் அந்த வண்டியில் உரிமை இருக்கிறது. அவர்களைக் கேட்காமலே அதை அழிக்கும் வேலை இது. நேர் வழி ஒன்று இருக்கிறது. கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் முடியும்.

முதலில் வண்டி இப்போது யாருடையது என்று பார்ப்போம். உங்கள் தாத்தா உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி அவர் மனைவி, மகன்கள், மகள்கள், தாயார் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். பாட்டி முன்பே இறந்துவிட்டதால், தாத்தாவின் தாயாரும் 2011-ல் உயிரோடு இல்லை என்றால், நான்கு பிள்ளைகளுக்கும் சம பங்கு. அப்பாவின் கால் பங்கு 2022-ல் அம்மாவுக்கும் உங்களுக்கும் தங்கைக்கும் வந்தது. தாத்தா வண்டியை "பேரனுக்குத்தான்" என்று வாய்ச்சொல்லாகச் சொல்லியிருப்பது குடும்பங்களில் உண்டு. அலுவலகத்தில் அது செல்லாது. ஆக, உங்கள் பெயருக்கு மாற்ற ஐந்து பேர் சம்மதிக்க வேண்டும்: இரண்டு அத்தைகள், சித்தப்பா, அம்மா, தங்கை.

"அத்தைகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டதே, அவர்கள் எதற்கு?" என்று பல வீடுகளில் கேட்பார்கள். கல்யாணமான மகளுக்கும் மகனுக்கு இருக்கும் அதே உரிமைதான். வாரிசுச் சான்றிதழில் அவர்கள் பெயரும் வரும், அவர்கள் கையெழுத்து இல்லாமல் காகிதம் நகராது. இதில் உங்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: வண்டியைச் சரிசெய்வதற்கு முன் அத்தைகளைப் போய்ப் பாருங்கள். அவர்களுக்கு வயதாகியிருக்கும். அவர்களில் ஒருவர் காலமானால், அவருடைய ஒரு கையெழுத்து இருந்த இடத்தில் கணவர், பிள்ளைகள் என்று நான்கைந்து கையெழுத்துகள் வேண்டியிருக்கும். அதில் ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார், ஒருவர் உங்களோடு பேசாமல் இருப்பார். என்னிடம் வந்து சிக்கி நின்றுபோன பழைய வண்டி விவகாரங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் நின்றன. துருவால் நின்றவை மிகக் குறைவு.

சரி, காகிதங்களுக்கு வருவோம். தாத்தாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்று இரண்டு இறப்புச் சான்றிதழ்கள் வேண்டும். அதேபோல இரண்டு வாரிசுச் சான்றிதழ்களும் வேண்டும். பலர் அப்பாவுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வருகிறார்கள். ஆர்.சி.யில் இருப்பது தாத்தா பெயர். அவரிடமிருந்து உங்கள் வரை சங்கிலி அறாமல் காட்ட வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்த பின் தாசில்தார் தருவார். பெயர் எழுத்துகளைக் கவனியுங்கள். ஆர்.சி.யில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி, இறப்புச் சான்றிதழில் இனிஷியல் இல்லாமல் என்று இருந்தால் அங்கேயே ஒரு மாதம் போய்விடும். 'இருவரும் ஒருவரே' என்ற சான்றும் தேவைப்படலாம்.

சிலர் வக்கீலிடம் போய் நீதிமன்ற வாரிசுரிமைச் சான்று, அதாவது சக்சஷன் சர்ட்டிபிகேட் வாங்க மனுப் போட்டுவிடுகிறார்கள். அது இறந்தவருக்கு வர வேண்டிய கடன், வங்கிப் பணம், பங்குப் பத்திரம் போன்றவற்றுக்கானது. வண்டிக்கு அது தேவையில்லை, வீண் செலவு.

மற்ற ஐந்து பேரும் "இந்த எண்ணுள்ள வண்டியை இன்னார் பெயருக்கு மாற்ற எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரம் எழுதி, நோட்டரி முன் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு எண், சேஸ் எண், எஞ்சின் எண் மூன்றும் அதில் இருக்கட்டும். ஒரு அத்தை பணம் வேண்டும் என்றால் கொடுங்கள், கொடுத்த தொகையையும் அதிலேயே எழுதுங்கள். பிறகு யாரும் மனத்தாங்கல் சொல்ல இடமிருக்காது.

இப்போது வண்டி. மெக்கானிக் கையில் கொடுப்பதற்கு முன் சேஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் தேடிப் பிடியுங்கள். சேஸ் எண் ஹேண்டில்பாருக்குக் கீழே வண்டியின் இரும்புச் சட்டகத்தின் (ஃபிரேம்) கழுத்துப் பகுதியிலும், எஞ்சின் எண் கிராங்க் கேஸிலும் பொறித்திருக்கும். மண்ணெண்ணெயும் துணியும் கொண்டு மெதுவாகத் துடையுங்கள். அரம், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். எண் தெரிந்ததும் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் இதைப் பென்சில் பிரின்ட் என்பார்கள். நாலைந்து பிரதி எடுத்து, போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டிலேயே அப்பாவின் ஸ்கூட்டரை இதைச் செய்யாமல் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்துவிட்டோம். மணல் அடித்து, கனமாகப் பூச்சு ஏற்றித் திரும்பி வந்தபோது எண்ணில் மூன்று இலக்கம் படிக்க முடியவில்லை. அதை நிரூபிக்க ஒன்றரை வருடம் ஆனது.

எண் துருவில் மங்கியிருந்தால் "நான் புதுசா குத்தித் தர்றேன்" என்று எந்தப் பட்டறைக்காரர் சொன்னாலும் விடாதீர்கள். திருட்டு வண்டி என்ற சந்தேகம் அங்கேதான் பிறக்கிறது. பதிவு அதிகாரியிடம் எழுதிக் கொடுத்து, அவர் அனுமதியோடுதான் அதைச் செய்ய வேண்டும். அப்பா காலத்தில் எஞ்சின் மாற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். புல்லட்டில் டீசல் எஞ்சின் மாட்டிய காலம் ஒன்று இருந்தது. ஆர்.சி.யில் உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒத்துவராவிட்டால், பெயர் மாற்றத்துக்கு முன் அதைத்தான் தீர்க்க வேண்டும்.

அடுத்து ஆர்.சி. கரையான் தின்றது போக மிச்சம் இருப்பதைப் பத்திரமாக வையுங்கள். துண்டாக இருந்தாலும் அது சாட்சி. தாத்தா எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்தாரோ அங்கே பழைய பதிவேடு இருக்கும். பி ரிஜிஸ்டர் என்று கேளுங்கள். அதன் நகலுக்கு மனு கொடுத்து வாங்குங்கள். இது 1986 வண்டி என்பதால் டிஎன் என்று தொடங்காத பழைய வரிசை எண்ணாக இருக்கும். இப்படிப்பட்ட எண்கள் பல, கணினிக்கு, அதாவது வண்டிப் பதிவுகளை வைத்திருக்கும் அரசின் வாகன் தளத்துக்கு ஏற்றப்படாமலே இருக்கின்றன. பதிவேட்டைப் பார்த்து அலுவலகமே ஏற்ற வேண்டும். பேக்லாக் என்ட்ரி என்பார்கள். இது முடியாமல் ஆன்லைனில் எந்த மனுவும் போட முடியாது. ஆகவே முதல் மனு இதுவாக இருக்கட்டும். சிதைந்த ஆர்.சி.க்கு மாற்றுப் பிரதி கேட்கப் படிவம் 26. அடியோடு தொலைந்திருந்தால் காவல்துறையில் புகார் கொடுத்த ரசீதும் வேண்டும்.

பதிவேட்டு நகலில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, பதிவு ரத்து என்ற குறிப்பு. இருந்தால் அந்த வண்டியைக் கொட்டகையில் வைத்துப் பார்க்கலாம், ரோட்டுக்குக் கொண்டுவர வழி கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று ஹெச்.பி., அதாவது கடன் குறிப்பு. தாத்தா தவணையில் வாங்கி, கடனை அடைத்து, குறிப்பை நீக்காமல் விட்டிருக்கலாம். நீக்க, கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட படிவம் 35 வேண்டும். அந்த வங்கி வேறொரு வங்கியோடு இணைந்திருந்தால் இணைந்த வங்கியே தரும். நிதி நிறுவனம் மூடப்பட்டிருந்தால் உயர் நீதிமன்றத்தோடு இணைந்த அலுவல்பூர்வ கலைப்பாளரை அணுக வேண்டியிருக்கும். அங்கே பழைய ரசீது ஒன்று இருந்தால் தங்கம் மாதிரி. தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் கிளறிப் பாருங்கள்.

இத்தனையும் கையில் வந்த பிறகுதான் படிவம் 31. உரிமையாளர் இறந்த பின் பெயர் மாற்றக் கேட்கும் படிவம் அதுதான். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 56-ஆவது விதி, இறந்த 30 நாளுக்குள் தகவல் தர வேண்டும், மூன்று மாதத்துக்குள் இந்தப் படிவத்தைக் கொடுக்க வேண்டும் என்கிறது. நீங்கள் அந்தக் கெடுவைத் தாண்டிப் பல வருடம் ஆகிவிட்டது. பயப்பட வேண்டாம், அதனால் உரிமை போய்விடாது. தாமதத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். ஏன் தாமதம் என்று ஒரு பக்கத்தில் உண்மையாக எழுதி இணையுங்கள். பெயர் மாற்றக் கட்டணம் என்பது பதிவுக் கட்டணத்தில் பாதி. இரு சக்கர வண்டிக்கு 150 ரூபாய்தான். ஸ்மார்ட் கார்டுக்கும் சேவைக்கும் தனி.

செலவு வைப்பது பதிவுப் புதுப்பிப்பு. நீங்கள் எஃப்.சி. என்று சொல்வது இதைத்தான். 15 வருடம் முடிந்த சொந்த வண்டிக்கு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், படிவம் 25. 20 வருடம் தாண்டிய இரு சக்கர வண்டிக்கு 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி கட்டணம் 2,000 ரூபாய். கார் என்றால் 10,000. இதற்கு மேல் பசுமை வரி உண்டு. தாமதக் கட்டணம் மாதத்துக்கு 300 ரூபாய் என்று மத்திய விதியில் இருப்பதால், எந்தத் தேதியிலிருந்து கணக்குப் போடுகிறார்கள் என்பதுதான் உங்கள் பையைத் தீர்மானிக்கும். வண்டியைச் சரிசெய்யப் பணம் போடுவதற்கு முன் அலுவலகத்தில் மொத்தக் கணக்கையும் எழுதி வாங்கிவிடுங்கள். எழுதி வாங்கிய கணக்கு தவறு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம். வாயால் சொன்னதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

காப்பீட்டில் ஒரு முட்டுக்கட்டை வரும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்சூரன்ஸ் கேட்பார்கள். இன்சூரன்ஸ்காரர் உங்கள் பெயரில் ஆர்.சி. கேட்பார். ஆன்லைனில் தாத்தா பெயரிலேயே பாலிசி எடுத்துவிடலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். இறந்தவரோடு போட்ட ஒப்பந்தம் இழப்பீடு கேட்கும் நாளில் உங்களைக் கைவிடும். பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளைக்கு நேரில் போய், வாரிசுச் சான்றிதழ்களையும் பதிவேட்டு நகலையும் காட்டி, மூன்றாம் நபர் பாலிசி மட்டும் கேளுங்கள். உங்கள் புல்லட் 346 சிசி. 150-க்கு மேல் 350 வரையுள்ள வண்டிகளுக்கு 2022-ல் அறிவித்த அடிப்படைப் பிரீமியம் 1,366 ரூபாய்.

பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர், வண்டியை நேரில் பார்ப்பார். பதிவு காலாவதியான வண்டியை அங்கே ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். குட்டி யானை ஒன்று பிடித்து ஏற்றிப் போங்கள். விளக்கு, ஹாரன், பிரேக், டயர், நம்பர் பிளேட் சரியாக இருக்கட்டும்; புகைச் சான்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, ஊருக்குள் சும்மா ஓட்டினால் என்ன என்று யாராவது சொல்வார்கள். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரையே சட்டம் உரிமையாளராகப் பார்க்கும், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று தீர்ப்பளித்தது. பதிவில் இருப்பவர் இறந்துவிட்டார், காப்பீடும் இல்லை என்றால், அடிபட்டவரின் குடும்பம் ஓட்டியவர் வீட்டு வாசலுக்கும் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கும்தான் வரும். அந்தச் சொத்தில் உங்கள் அத்தைகளின் பங்கும் இருக்கிறது.

இன்னும் இரண்டு சந்தேகங்கள் உங்கள் மனத்தில் இருக்கலாம். 15 வருடம் ஆன வண்டியை உடைத்தே ஆக வேண்டும் என்பது டெல்லி தலைநகர் வட்டாரத்துக்கான கட்டுப்பாட்டைக் கேட்டு வந்த பேச்சு. தமிழ்நாட்டில் சொந்த உபயோக வண்டி தகுதியோடு இருந்தால் புதுப்பிக்கலாம். விண்டேஜ் பதிவு என்பது 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்தது. உங்கள் புல்லட்டுக்கு அந்த வயது 2036-ல் வரும். அப்போதும் அவசரப்பட வேண்டாம்: புதிய விண்டேஜ் பதிவுக்கு 20,000 ரூபாய், அதன் பிறகு கண்காட்சி, பேரணி, பழுது பார்த்தல் போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினம் கடைக்குப் போக முடியாது. ஓட்ட ஆசைப்படும் உங்களுக்குச் சாதாரணப் பதிவே நல்லது.

ஆர்.சி. உங்கள் பெயரில் வந்ததும் அதில் நாமினி பெயரைச் சேர்த்துவிடுங்கள். 2021 முதல் அந்த வசதி இருக்கிறது. இந்த வாரம் செய்ய வேண்டியவை இரண்டே: பென்சில் பிரின்ட் எடுப்பது, அத்தைகள் வீட்டுக்குப் போவது. போகும்போது தாத்தா அந்த வண்டியோடு நிற்கும் பழைய போட்டோ இருந்தால் எடுத்துப் போங்கள்.