தூண்டில் வளைவு போடுறதுக்கு முன்னாடி மாடலைக் கேட்டு வாங்குங்க

கேள்வி: எங்க குப்பம் புதுச்சேரிக்கு வடக்க இருக்கு. பக்கத்து ஊருல தூண்டில் வளைவு (கரையிலேருந்து கடலுக்குள்ள நீட்டிக் கொட்டுற கல்லுத் தடுப்பு) போட்டதுல இருந்து எங்க கரை அரிச்சுக்கிட்டே போகுது, வலை காய வைக்கிற எடம்கூட போச்சு. இப்ப எங்களுக்கும் கல்லு கொட்டப் போறாங்களாம், கம்ப்யூட்டர்ல மாடல் போட்டுப் பாத்தாச்சுன்னு சொல்றாங்க. கம்ப்யூட்டருக்கு கடலைப் பத்தி என்னங்க தெரியும்?
– ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: உங்க கோபம் நியாயம்தாங்க. நம்ம கிழக்குக் கரையில வருஷத்துல முக்கால்வாசி நாள் மணல் தெக்கேருந்து வடக்க நகரும், வடகிழக்குப் பருவமழை சமயத்துல மட்டும் திரும்பித் தெக்க போகும், கூட்டிக் கழிச்சா வடக்க போறதுதான் ஜாஸ்தி. அதுக்குக் குறுக்க கல்லை நீட்டினா தெக்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் பட்டினி. சென்னைத் துறைமுகம் வந்தப்புறம் மெரினா அகலமாச்சு, ராயபுரம் பக்கம் கடல் உள்ள வந்துச்சு. புதுச்சேரியிலயும் 1980கள்ல துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு கட்டினதும் ஊரு பீச்சே காணாம போச்சு.

இதை முன்கூட்டியே பாக்கத்தான் மாடல். கடலடி ஆழம், அலை உயரம், அது வர்ற திசை, காத்து, ஓதம் (கடல் தண்ணி ஏறி எறங்குறது), மணல் பொடியா பருசான்னு எல்லாத்தையும் அளந்து குடுத்தா, டெல்ஃப்ட்3டி, மைக்21 மாதிரி சாஃப்ட்வேர் கடலைச் சின்னச் சின்னக் கட்டமா பிரிச்சு ஒவ்வொரு கட்டத்துலயும் எவ்ளோ மணல் வருது எவ்ளோ போகுதுன்னு கணக்குப் போடும். மொதல்ல பழைய வருஷங்களை ஓட்டிப் பாத்து சேட்டிலைட் படத்தோட ஒத்துப் போகுதான்னு பாக்கணும், ஒத்துப் போகலன்னா அந்த மாடலை நம்பவே கூடாது. அப்புறம்தான் கல்லை கம்ப்யூட்டர்லயே போட்டுப் பாத்து 10 வருஷம், 20 வருஷம் கழிச்சு கரை எங்க நிக்கும்னு பாக்குறது, கடல் மட்டத்தையும் ஏத்தி வச்சுப் பாக்கணும், ஏன்னா 1901லேருந்து 2018க்குள்ள உலகம் முழுக்க சராசரியா 20 சென்டிமீட்டர் ஏறிடுச்சு, இப்ப ஏறுற வேகமும் கூடிடுச்சு.

ஒழுங்கா பண்ணினா பலன் உண்டுங்க. அதே புதுச்சேரியில சென்னை தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் இப்படி ஆராய்ச்சி பண்ணித்தான் 2018ல ஆப்பு மாதிரி ஒரு பெரிய இரும்புத் திட்டைத் தண்ணிக்கடியில எறக்குனாங்க. அலை அதுல மோதி வேகம் கொறஞ்சு மணலை விட்டுட்டுப் போகுது, தலைமைச் செயலகத்துக்கு எதிர்ல மறுபடி பீச் வந்துச்சு.

ஆனா ஒண்ணு, மாடல்ல எந்த ஊரு வரைக்கும் சேத்தாங்கங்கிறதுதான் முக்கியம். பக்கத்து ஊரு வேலைக்குப் போட்ட கணக்கு அந்த ஊரு எல்லையிலயே நின்னுருந்தா உங்க குப்பம் அதுல இருந்தே இருக்காது. அதனால ஊர்ப் பஞ்சாயத்து பேருல எழுதிக் கேளுங்க, தரலன்னா ஆர்டிஐ போடுங்க: எந்த வருஷத்து ஆழ அளவு, பழைய கரையோட ஒப்பிட்டுப் பாத்தாங்களா, எங்களுக்கு வடக்க இருக்குற குப்பத்துக்கு என்ன ஆகும். இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுடாதீங்க, இன்னைக்கு நீங்க படுறதை நாளைக்கு அவங்க படக்கூடாது. எந்த மாசம் தண்ணி எந்தப் பக்கம் இழுக்குது, மணல் எப்ப வருது எப்ப போகுதுன்னு உங்க பெரியவங்களுக்குத் தெரிஞ்சதையும் அந்த இன்ஜினியருங்க கிட்ட உக்காந்து சொல்லுங்க, வருஷத்துல ஒரு தடவை அளந்துட்டுப் போறவங்களுக்கு அது கெடைக்காது.