டீசலில் இருந்து கந்தகத்தை எடுப்பது எப்படி? கேள்வி பதில்

சுத்திகரிப்பு ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் பல வருடம் டீசலின் கந்தக அளவு பார்த்தவன் நான். இப்போது காட்பாடியில் இருக்கிறேன். ஆக்சிஜனேற்றம், அதாவது கந்தகத்தோடு ஆக்சிஜனைச் சேர்ப்பது, வழியாகக் கந்தகம் நீக்குவது பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வாலாஜா, லாரி வைத்திருப்பவர்: டீசலில் கந்தகம் இருந்தால் என்ன சார்? புகையாகத்தானே போகிறது?

புகையாகப் போவதுதான் பிரச்சினை. எரிந்தால் கந்தக டை ஆக்சைடு, ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். புகையைச் சுத்தம் செய்யப் புகைக்குழாயில் வைத்திருக்கும் வினையூக்கியையும் (தான் தீராமல் வினையை வேகப்படுத்தும் பொருள்) கெடுத்துவிடும். வாகனப் புகைக்கான பழைய பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ்) விதியில் டீசலில் 50 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கு, வரை இருக்கலாம் என்று இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6, அதில் 10 பிபிஎம்தான். ஒரு டன்னுக்கு 10 கிராம்!

காட்பாடி, எம்.எஸ்சி. மாணவி: ஹைட்ரஜன் முறை இருக்கும்போது ஆக்சிஜனேற்றம் எதற்கு ஐயா?

நல்ல கேள்விம்மா. ஆலைகளில் கோபால்ட்-மாலிப்டினம் வினையூக்கி மேல், 300 முதல் 400 டிகிரி சூட்டில், அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்துகிறார்கள். கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாகக் கழன்று வந்துவிடும். சின்ன மூலக்கூறுகளில் இது சுலபம். அடம்பிடிப்பது டீசலில் உள்ள 4,6-டைமெத்தில் டைபென்சோதயோபீன் என்ற கந்தகச் சேர்மம். கந்தகத்தின் இரண்டு பக்கமும் ஒரு மெத்தில் தொகுதி (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்), வாசலை அடைத்துக்கொண்டு இரண்டு திண்ணையிலும் ஆள் உட்கார்ந்த மாதிரி. கந்தகம் வினையூக்கியைச் சுலபத்தில் தொட முடியாது.

ஆக்சிஜனேற்றத்தில் கதை தலைகீழ். அதே மெத்தில் தொகுதிகள் கந்தகத்துக்கு எலக்ட்ரானைத் தள்ளிக்கொடுப்பதால், அது ஆக்சிஜனைச் சுலபமாகப் பிடிக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு, கூடவே பாஸ்போடங்ஸ்டிக் அமிலம் போன்ற ஒரு வினையூக்கி, 60 டிகிரி சூடு, சாதாரண அழுத்தம். அவ்வளவு போதும். கந்தகச் சேர்மம் ஒரு ஆக்சிஜன் சேர்ந்து முதலில் சல்பாக்சைடு, இன்னொன்றும் சேர்ந்து அப்புறம் சல்போன் ஆகும். சல்போன் முனைவுத்தன்மை கொண்டது, அதாவது மூலக்கூறில் மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதே தன்மை கொண்ட அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை ஊற்றிக் கலக்கினால் டீசலை விட்டு அதற்குள் போய்விடும்.

ராணிப்பேட்டை, கெமிக்கல் கம்பெனி சூப்பர்வைசர்: அப்படியானால் ஹைட்ரஜன் முறையை விட்டுவிடலாமே?

விட முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். டைபென்சோதயோபீனின் மூலக்கூறு எடை 184, அதில் கந்தகம் 32 மட்டுமே. ஹைட்ரஜன் முறை அந்த 32-ஐ மட்டும் எடுத்துவிட்டு மீதியை எரிபொருளாகத் திருப்பித் தருகிறது. ஆக்சிஜனேற்றத்தில் முழு மூலக்கூறும் வெளியே போகிறது. 500 பிபிஎம் டீசலில் இந்த நஷ்டம் எடையில் 0.3 சதவீதத்துக்குள் அடங்கும். 2 சதவீதம் கந்தகம் உள்ள எண்ணெயில் கிட்டத்தட்ட 11.5 சதவீதம் போய்விடும். எந்த ஆலை தாங்கும்? அதனால் என் கருத்து: முதலில் ஹைட்ரஜன், கடைசியில் மிஞ்சுகிற பிடிவாதக் கந்தகத்துக்கு மட்டும் ஆக்சிஜனேற்றம்.

மறுபடி அதே மாணவி: என் மாதிரி எண்ணெயில் 99 சதவீதம் நீங்கியது. பங்க் டீசலில் பாதிகூட வரவில்லை. தப்பு எங்கே?

உங்கள் மேல் தப்பில்லை. மாதிரி எண்ணெய் என்பது ஆய்வகத்தில் டீசலுக்குப் பதிலாக, ஆக்டேன் என்ற சுத்தமான எண்ணெயில் டைபென்சோதயோபீன் மட்டும் கரைத்தது. குடுவை ஆறும்போது கண்ணாடிச் சுவரில் வெள்ளை வெள்ளையாகப் படிகம் ஒட்டும், பார்த்திருப்பீர்கள். அதுதான் சல்போன். நிஜ டீசலில் நைட்ரஜன் சேர்மங்களும் அரோமேட்டிக்குகளும் (பென்சீன் வளையம் கொண்டவை) குறுக்கே நின்று வினையூக்கியையும் பெராக்சைடையும் பங்கு போட்டுக்கொள்ளும். பங்க் டீசலில் 10 பிபிஎம்தான் என்பதால் அளவிடும் பிழையும் பெரிதாகத் தெரியும். பெராக்சைடு இல்லாமல் அசிட்டோநைட்ரைல் மட்டும் ஊற்றி ஒரு முறை செய்யுங்கள். அது தானாகவே எவ்வளவு இழுக்கிறது என்று தெரியாமல் வினையூக்கிக்குப் பெயர் கொடுக்காதீர்கள். அப்புறம், உங்கள் வினையூக்கி திடப்பொருள் என்றால், வினை நடக்கும்போதே சூடாக வடிகட்டி அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். வினை அதற்குப் பிறகும் தொடர்ந்தால் வினையூக்கியின் உலோகம் கரைந்து வந்திருக்கலாம்.

ஆம்பூர், டேனரியில் வேலை பார்ப்பவர்: சுண்ணாம்புத் தொட்டித் தண்ணீரில் மாங்கனீஸ் சல்பேட் போட்டுக் காற்று அடிக்கிறோம் அண்ணே. அதுவும் இதுவும் ஒன்றா?

உறவுதான். மாங்கனீஸ்தான் அங்கே வினையூக்கி. முடி நீக்கப் போட்ட சோடியம் சல்பைடு தண்ணீரில் கரைந்து நிற்பதால் வெறும் காற்றே போதும். டீசலில் கந்தகம் கார்பன் வளையத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஒரு விஷயம் தம்பி, கெஞ்சிக் கேட்கிறேன்: சல்பைடு போகும் முன்பு அந்தத் தண்ணீரில் அமிலக் கழிவு சேரவே கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷ வாயு கிளம்பும். அழுகிய முட்டை வாசம் திடீரென்று நின்றால் வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள், மூக்கு மரத்துப் போயிருக்கும். தொட்டிக்குள் யாரும் இறங்க வேண்டாம்.

திருப்பத்தூர், விவசாயி: டிராக்டர் டீசலில் நானே பெராக்சைடு ஊற்றலாமா?

வேண்டாம். தண்ணீர் சேரும், இன்ஜெக்டர் கெடும். சல்போனைப் பிரிக்காவிட்டால் கந்தகம் அங்கேயேதான் இருக்கும். ஆய்வகத்தின் 30 சதவீதப் பெராக்சைடு தோலில் பட்டாலே வெளுத்துப் புண்ணாகும்.

குடியாத்தம், தீப்பெட்டித் தொழில்: எடுத்த கந்தகம் எங்கே போகிறது?

ஹைட்ரஜன் முறையில் வரும் ஹைட்ரஜன் சல்பைடை கிளாஸ் (Claus) முறை என்ற ஆலை முறையில் மஞ்சள் கந்தகமாக மாற்றி விற்கிறார்கள். உலகில் விற்கும் தனிமக் கந்தகத்தில் பெரும்பகுதி இப்படி எண்ணெய், எரிவாயுவில் இருந்து வந்ததுதான். உங்கள் குச்சி மருந்தில் சேர்வதும் அதுவாக இருக்கலாம். சல்போனுக்கு அப்படி ஒரு சந்தை இல்லை. அதைத் திரும்ப உடைத்து எண்ணெயாகவும் கந்தகமாகவும் பிரிக்க ஒரு மலிவான வழி கிடைத்தால், மேலே சொன்ன நஷ்டக் கணக்கே மாறிவிடும். காட்பாடி மாணவி அடுத்து அதை எடுத்துப் பார்க்கலாம்.