பில்பே வழியாகக் கட்டிய தண்ணீர் பில் ஏன் தாமதமானது?

மூன்றாம் தேதியே வங்கி ஆப்பில் பில்பே (நமக்காக வங்கியே பில் கட்டும் வசதி) மூலம் கட்டிவிட்டேன், பணமும் கழிந்துவிட்டது, பிறகும் ஊராட்சி அலுவலகம் தாமதக் கட்டணம் போட்டிருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்கள் பலர் இதில் மாட்டுகிறார்கள்.

பில்பேயில் பொத்தானை அழுத்தினால் எல்லாமே மின்னணு முறையில் போவதில்லை. பெரிய மின்சார, போன் கம்பெனிகளுக்கு அப்படிப் போகும். சின்ன ஊரின் தண்ணீர் இலாகா அந்த வலையமைப்பில் இல்லையென்றால், வங்கியே காகிதக் காசோலை அச்சடித்துத் தபாலில் அனுப்பும். கட்டண வரலாற்றைத் திறந்து பாருங்கள். செக் நம்பர் இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. சில வங்கிகள் செக் மாறும் முன்பே உங்கள் கணக்கில் கழித்துவிடும், குழப்பமே அங்குதான்.

முதலில் அந்த நம்பரோடு அலுவலகத்துக்குப் போன் செய்து தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லுங்கள். முதல் தடவை என்றால் பெரும்பாலும் தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

இனிமேல் அவர்களுடைய தளத்திலேயே ஏசிஹெச் மூலம், அதாவது ரவுட்டிங் நம்பரும் (உங்கள் வங்கியின் அடையாள எண்) கணக்கு எண்ணும் கொடுத்து, கணக்கிலிருந்து நேரடியாகக் கட்டுங்கள். கார்டுக்குப் பல ஊர்களில் தனிக் கட்டணம் உண்டு. ஒவ்வொரு பில்லையும் தானாகக் கட்டும் ஆட்டோபே மட்டும் வேண்டாம் என்பேன்: குழாய் கசிந்து பில் எகிறினாலும் அது கேட்காமல் எடுத்துக்கொள்ளும்.

செக்தான் அனுப்பியாக வேண்டுமா? சரி, ஜெல் பேனாவில் எழுதி, தபால் நிலையத்துக்குள்ளேயே போடுங்கள். வெளிப் பெட்டியில் போட்ட செக்கைத் திருடி, மையைக் கழுவி, பெயரை மாற்றுகிறார்கள்.