மடிப்பாக்கத்திலிருந்து கிண்டிக்கு சைக்கிளில் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. மடிப்பாக்கத்தில் வீடு, கிண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அலுவலகம். பள்ளி நாட்களில் தினமும் சைக்கிள் ஓட்டியவள்தான், ஆனால் 25 வருடமாகத் தொடவில்லை. மறுபடி சைக்கிளில் வேலைக்குப் போகலாமா என்று பார்க்கிறேன். பின்னாலிருந்து பஸ் இடித்துவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். கடையில் கேட்டால் ஷாக், டிஸ்க் பிரேக், 21 கியர் வைத்த வண்டி 22,000 ரூபாய் என்கிறார்கள். இன்னொருவர், சாதா சைக்கிளிலேயே மோட்டார் மாட்டித் தருகிறேன், லைசென்ஸ் வேண்டாம் என்கிறார். எதை வாங்குவது, எந்த வழியில் போவது, அடிபட்டால் என்ன செய்வது?
வாசகி, மடிப்பாக்கம்

பதில்: தாராளமாகப் போகலாம் சகோதரி. ஒரு வழிக்கு ஏழு கிலோமீட்டர் சொச்சம்தான் வரும். நிதானமாக மிதித்தால் 35 நிமிடம். ஆனால் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதற்கு முன்னால் வழியை முடிவு செய்யுங்கள். சைக்கிள் பட்டறையும் பயிற்சியுமாக இத்தனை வருடம் இருந்ததில் நான் பார்த்தது, எல்லோரும் வண்டியை முதலில் வாங்கிவிடுகிறார்கள். வழியைப் பற்றி யோசிப்பதே முதல் நாள் காலையில்தான். ஒரே வாரத்தில் பயந்துபோய் வண்டியை மாடிப்படிக்குக் கீழே நிறுத்திவிடுகிறார்கள்.

வீட்டுக்காரர் பைக்கில் போகும் வழி உங்களுக்கு வேண்டாம். ஜி.எஸ்.டி. சாலையையும் கத்திப்பாராவையும் தொடவே வேண்டாம். 2008-இல் திறந்த கத்திப்பாரா மேம்பாலத்தில், சிக்னலில் நிற்காமல் வண்டிகள் இடப்பக்கமாகப் பிரிந்தும் சேர்ந்தும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். காருக்கு அது வசதி. சைக்கிளில் நேராகப் போகிறவர், பிரிந்து போகும் வேகமான வண்டிகளின் குறுக்கே கடந்தாக வேண்டும். நின்று கடக்க அங்கே சிக்னலும் இல்லை, ஒதுங்க இடமும் இல்லை. அதனால் உள்ளகரம், நங்கநல்லூர் உள்தெருக்கள், ஆதம்பாக்கம், தண்டவாளத்தைக் கடந்து ஆலந்தூர், எம்.கே.என். சாலை, கிண்டி என்று போங்கள். ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை. தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதை வழியாகக் கடந்தால் காலை எட்டு மணிக்கு முன்னால் கடந்துவிடுங்கள். இறக்கத்தில் வேகம் பிடித்துக்கொண்டு போய் ஏற்றத்தில் திணறாதீர்கள், பின்னால் வருகிறவர்கள் பொறுமை இழப்பது அந்த இடத்தில்தான். முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு யாரிடமாவது சைக்கிள் இரவல் வாங்கி ஓட்டிப் பாருங்கள். அடுத்த வாரம் ஒரு வேலைநாளில் அதே வழியில் ஆட்டோவில் போய் ஒவ்வொரு சந்திப்பிலும் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்.

பஸ் பின்னாலிருந்து இடிப்பதை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் சாலையின் இடது விளிம்போடு ஒட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். அதுதான் ஆபத்து. விளிம்பில் மணல் இருக்கும், உடைந்த மழைநீர் வடிகால் மூடி இருக்கும், சாலையோடு நேர்க்கோட்டில் கம்பி வைத்த சல்லடை மூடி இருக்கும். மெல்லிய டயர் அந்தக் கம்பி இடுக்கில் இறங்கினால் சைக்கிள் நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னால் போவார். விளிம்பிலிருந்து மூன்றடி தள்ளி ஓட்டுங்கள். நிறுத்தி வைத்த கார்களைத் தாண்டும்போதும் அதே மூன்றடி. எனக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது அப்படித்தான். ஒரு வங்கி வாசலில் நின்றிருந்த காரை ஓரடி இடைவெளியில் தாண்டினேன். ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியில் ஒரு கை அசைந்தது. அது கண்ணில் பட்டதும் பிரேக் பிடித்தேன், ஆனால் கதவின் விளிம்பு அதற்குள் ஹேண்டில்பாரின் இடது முனையைத் தட்டிவிட்டது. சக்கரம் கதவுப் பக்கம் திரும்பியது, நான் சாலைப் பக்கம் விழுந்தேன். பின்னால் வந்த வண்டி நின்றதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பஸ்ஸிடம் பயப்பட வேண்டிய இடம் வேறு. உங்களைத் தாண்டிப் போய், உடனே இடப்பக்கம் ஒடித்து நிறுத்தத்தில் நிற்கும். அப்போது பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் நுழையவே நுழையாதீர்கள். பின்னாலேயே நின்றுவிடுங்கள். பத்து விநாடிதான். ஷேர் ஆட்டோவுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வித்தை ஒன்று உண்டு: ஆட்டோவைப் பார்க்காதீர்கள், ஓரத்தில் நிற்கும் ஆளைப் பாருங்கள். அவர் கை நீட்டினால், உங்கள் பின்னால் வரும் ஆட்டோ மூன்று விநாடியில் உங்கள் முன்னால் வந்து நிற்கும். கையைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்திவிட்டால் போதும். பெரிய சந்திப்பில் வலப்பக்கம் திரும்ப வேண்டுமா? சாலை நடுவுக்குப் போகாதீர்கள். நேராக எதிர்ப்பக்கம் போய் நின்று, அடுத்த சிக்னலில் நடப்பவர்களோடு சேர்ந்து கடந்து போங்கள். எதிர்த்திசையில் ஓட்டுவது எந்தக் காரணத்துக்கும் கூடாது.

சரி, சைக்கிள். 22,000 ரூபாய் வண்டியை வாங்காதீர்கள். முன் ஷாக் மலைப்பாதைக்கு வந்தது. அந்த விலையில் வருவது இரும்பு ஸ்பிரிங் வைத்த கனமான ஷாக். நீங்கள் மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கு அந்த ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே போய்விடும். இரண்டு மழைக்காலம் கழித்து துருப்பிடித்து இறுகி, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சாதா ஃபோர்க் மாதிரிதான் நிற்கும், கனம் மட்டும் மிச்சம். 21 கியரில் இந்தத் தட்டையான ஊரில் நீங்கள் பயன்படுத்தப்போவது மூன்றோ நான்கோ. கடைக்காரர் ஏன் அதையே காட்டுகிறார் என்றால் லாபம் அதில்தான். மட்கார்டு, ஸ்டாண்டு, கேரியர், செயின் கவர் எதுவும் அதில் இருக்காது, ஒவ்வொன்றாகத் தனியே விற்பார். துப்பட்டா போட்டுக்கொண்டு போகிறவருக்குச் செயின் கவர் இல்லாத வண்டியை விற்பதை நான் வியாபாரம் என்று சொல்ல மாட்டேன். கியர் இல்லாத, அல்லது ஆறேழு கியர் உள்ள, கைப்பிடி உயரமான, முழு செயின் கவரும் கேரியரும் கம்பெனியிலேயே பொருத்தி வரும் லேடீஸ் சைக்கிள் போதும். அதில் பாதி விலைகூட ஆகாது. சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு கால் விரல்களும் தரையைத் தொட வேண்டும். வால்வைக் குனிந்து பாருங்கள். பைக் டியூபில் இருக்கிற மாதிரி தடித்த வால்வு என்றால் பெட்ரோல் பங்கிலேயே காற்று அடித்துக்கொள்ளலாம். மெல்லிசாக, முனையில் குட்டித் திருகு வைத்த வால்வு என்றால் தனி அடாப்டர் வேண்டும், தெருமுனைப் பஞ்சர் கடையில் அது இருக்காது.

ஹெல்மெட் சைக்கிளுக்குச் சட்டப்படி கட்டாயம் இல்லை. போடுங்கள். உள்பக்கம் இ.என். 1078 என்று தரக்குறி இருக்கிறதா பாருங்கள், வெறும் தெர்மகோலில் பெயின்ட் அடித்து விற்பதை வாங்காதீர்கள். பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, வலது கைப்பிடியில் ஒரு சின்னக் கண்ணாடி.

இப்போது மோட்டார் மாட்டித் தருகிறேன் என்ற ஆள் விஷயம். இதில் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏமாறுகிறவர்கள் அதிகம் இங்கேதான். லைசென்ஸ் வேண்டாம் என்று ஒரு விலக்கு இருப்பது உண்மை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் அது இருக்கிறது. ஆனால் எல்லா மின்சார சைக்கிளுக்கும் அந்த விலக்கு கிடையாது. பெடல் உள்ள வண்டி என்றால் மோட்டார் சக்தி 250 வாட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டும்போது மோட்டார் தானாக நின்றுவிட வேண்டும். மிதிப்பதை நிறுத்தினாலும் நிற்க வேண்டும். பேட்டரி நீங்கலாக வண்டியின் எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. சரியான பிரேக், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் வேண்டும். அரசு அங்கீகரித்த சோதனை அமைப்பின் சான்றும் வேண்டும். இவை அத்தனையும் இருந்தால்தான் அது சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனம் இல்லை. ஒன்று தவறினாலும் அது மோட்டார் வாகனம்தான்: பதிவு, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் மூன்றும் வேண்டும்.

பட்டறையில் மாட்டும் கிட்டுக்கு அந்தச் சான்று எங்கிருந்து வரும்? என்னிடம் சர்வீஸுக்கு வரும் வண்டிகளில் 250 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், கழற்றிப் பார்த்தால் மோட்டாரில் 350 அல்லது 500 என்று பொறித்திருக்கும். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டியிலிருந்து வரும் ஒரு ஒயரைப் பிரித்துவிட்டால் வேகக் கட்டுப்பாடு போய்விடும். விற்கிறவரே அதைச் செய்துகொடுத்து, நல்லா பறக்கும் மேடம் என்பார். அந்த வண்டியில் நீங்கள் ஒரு பெரியவர் மேல் மோதிவிட்டால், இன்ஷூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம் ஓட்டியவர் நீங்கள். நஷ்ட ஈடு முழுவதும் உங்கள் கையிலிருந்து. அந்த ஆள் அப்போது போன் எடுக்க மாட்டார். சாதா சைக்கிளின் ஃபோர்க்கும் பிரேக்கும் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவையும் இல்லை. மோட்டார் தேவை என்றால் கம்பெனி வண்டியாக, சான்றின் நகலை பில்லோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். நகல் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஏழு கிலோமீட்டருக்கு உங்களுக்கு மோட்டார் தேவையே இல்லை என்பது என் கருத்து.

அடிபட்டால்: முதலில் 108. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, வரம்புக்கு உட்பட்டு இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கிடைக்கும். சைக்கிளில் வந்தவருக்கும் அது பொருந்தும், கேட்டு வாங்க வேண்டும். இடித்த வண்டியின் எண்ணை யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். சமாதானமாகப் போங்கள் என்று சொல்லி அனுப்பப் பார்த்தால் நகராதீர்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் கார்டு நீட்டும் ஆட்களிடம் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கேஸ் போட்டுத் தருகிறேன் என்று வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வரும் தொகையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நீங்களே மனு செய்யலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞர் உண்டு. 1987-ஆம் வருடச் சட்டம் கொடுத்த உரிமை அது. நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். இடித்துவிட்டு ஓடிப்போன வண்டி கிடைக்கவே இல்லை என்றாலும் 2022 ஏப்ரல் முதல் ஒரு திட்டம் இருக்கிறது: பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம். இதை ஒரு போர்டில் எழுதி ஒவ்வொரு விபத்துப் பிரிவு வாசலிலும் மாட்ட எவ்வளவு செலவாகும்? மாட்டியிருந்தால் அந்தக் கார்டு ஆட்களுக்குப் பிழைப்பே இருக்காது.

சென்னைக்கு 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை வந்துவிட்டது. போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆனால் உங்களைப் போல ஒருவர் வேலைக்குப் போக நான் இன்னும் சந்து சந்தாக வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன். சைக்கிளுக்கென்று கோடு போட்ட இடத்தில் கார் நிற்கிறது. எடுக்கச் சொல்ல ஆளில்லை.

மழையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தேங்கிய தண்ணீருக்குள் சைக்கிளை விடாதீர்கள், அடியில் மூடி திறந்திருக்கிறதா என்று தெரியாது. மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் போட்டிருக்கும் இரும்புத் தகடு நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும், அதன் மேல் பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகக் கடந்துவிடுங்கள். சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது என்று கேள்விப்பட்டால் அன்றைக்கு பஸ். முந்தின நாள் நனைந்த செயினை மட்டும் பழைய துணியால் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள்.