ஓவிய ஆசிரியர் பதில்கள்

கேள்வி: பழைய பிளெமிஷ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) மாதா ஓவியங்களில் சாதாரண மனிதர்களும் முழந்தாளிட்டிருப்பது ஏன்?
– வாசகி, கல்முனை

பதில்: சாதாரண மனிதர்கள் அல்ல, மகள், பணம் கொடுத்து வரைவித்தவர்கள். நம் கோயில் உபயகாரர் போல. ஹியூகோ வான் டெர் கூஸ் 1475 அளவில் வரைந்த போர்டினாரி பீட ஓவியத்தைப் பாருங்கள்; மூன்று பலகைகள் கொண்டது. வரைவித்த போர்டினாரியும் மகன்மாரும் இடப்பலகையில், அதாவது இயேசுவின் வலப்பக்கம், மதிப்பான இடத்தில். மனைவியும் மகளும் எதிர்ப்பலகையில். பின்னே புனிதர்கள் பேருருவாக நிற்க, குடும்பத்தினர் சிறுத்திருக்கிறார்கள். மட்டக்களப்பில் என் மாணவிகள் முதலில் கேட்பதே, அந்தச் சிறுமிக்கு ஏன் மறுபக்கம் என்றுதான். நியாயமான கேள்வி.

ஆனால் யான் வான் ஐக் 1435 அளவில் வரைந்த சான்சலர் ரோலன் (பர்கண்டிக் கோமகனின் தலைமை அமைச்சர்), பரிந்து பேசப் புனிதர் எவருமின்றி, பொன்னிழை அங்கியுடன் மாதாவுக்குச் சமமான உருவில் எதிரே இருக்கிறார். பதவியின் அந்தத் துணிச்சல் எனக்கு இன்றும் உறுத்துகிறது.